'அண்ணே' என்றால் தூக்க வேண்டும்

"இணை ஆட்டப் பிரிவுக்கு இந்த ஆண்டும் பெயர்கள் வராததால், இனி அப்பிரிவு மாவட்டப் போட்டியில் நடத்தப்படமாட்டாது."

எங்கள் ஸ்கேட்டிங் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில், சென்ற புரட்டாசி மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில் வந்த சுற்றறிக்கை இது. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் விழுந்தன. யாரும் வருத்தப்படவில்லை. வருத்தப்பட அவர்களுக்குக் காரணமும் இல்லை. அந்தக் குழுவில் இருப்பவர்களில் ஜோடியாக ஸ்கேட்டிங் ஆடியவள் நான் ஒருத்திதான்.

அன்று மாலையே கிளப்பின் செயலாளர் கார்த்திகா போன் செய்தார். முப்பது வயதுக்குள் இருக்கிற பெண். "மேடம், ஜோடி ஆட்டத்த நாங்க யாரும் பாத்ததே இல்ல. நீங்க ஆடுன கதைய ஆண்டு மலருக்கு எழுதித் தாங்களேன். நிப்பாட்டுனதுக்கு அப்பறம் அப்புடி ஒண்ணு இருந்துச்சுன்னாவது தெரியட்டும்" என்றார். ஒப்புக்கொண்டேன். எனக்கு உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதுவேன் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது பிள்ளைகள் போடுவது ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஷூ. அது வேகத்துக்கானது. நாங்கள் போட்டது காரைப் போல முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம் வைத்தது. பனிக்கட்டி மேல் ஆணும் பெண்ணும் கைகோத்துச் சுழல்வதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதே ஆட்டம்தான். பனிக்குப் பதில் எங்களுக்குத் தல்லாகுளம் பக்கத்தில் ஒரு சிமெண்ட் தளம். சித்திரை மாதத்தில் காலை எட்டு மணிக்கு மேல் அதில் வெறுங்காலை வைக்க முடியாது.

என் பயிற்சிக் காலத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். முதல் மூன்று வருடம் தரையில் வரைந்த வட்டத்தின் மேல் போனேன். அடுத்த மூன்று வருடம் அதே வட்டத்தில் பின்பக்கமாகப் போனேன். இரண்டு வட்டத்தைச் சேர்த்துப் போவதற்கு எட்டு என்று பெயர். எங்கள் சாயப் பட்டறைக்கு நூல் கொண்டுவருகிறவர்கள் அப்பாவிடம், "பாப்பா இன்னும் எட்டுத்தான் போடுதா? லைசென்ஸ் எப்பக் குடுப்பாங்களாம்?" என்று கேட்பார்கள். அப்பா, "இன்ஸ்பெக்டரு லீவு" என்பார்.

எங்கள் பயிற்சியாளர் ஞானராஜ் சார். ஒரு பஞ்சாலையில் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர். இளைஞராக பம்பாயில் வேலை பார்த்தபோது அங்கிருந்த ஒரு ரிங்க்கில் ஸ்கேட்டிங் கற்றவர். எட்டு வயதுப் பிள்ளையைக்கூட 'நீங்க' என்றுதான் பேசுவார். "நீங்க விழுந்துட்டீங்க. எந்திரிங்க. ஏன் விழுந்தீங்கன்னு சொல்லுங்க" என்பார். காரணத்தைச் சொன்ன பிறகுதான் மறுபடி ஆட விடுவார். வழுக்கிவிட்டது என்பது காரணமாகாது. இடது காலின் வெளி விளிம்பில் எடை போகவில்லை என்பதுதான் காரணம். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். குரல் ஒரு நாளும் உயர்ந்ததில்லை.

சனிக்கிழமை தோறும் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துணியில் உருட்டிக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்ட வேண்டும். ஒரு சொட்டுதான். இரண்டு விட்டால் மதுரைத் தூசி முழுவதும் அதில் வந்து உட்கார்ந்துவிடும். மாட்டிய சக்கரத்தை விரலால் சுண்டிச் சாரின் காதருகே பிடிக்க வேண்டும். சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார், அல்லது உள்ளே இன்னும் தூசி நறநறத்தால் "சீனி இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பார். மில்லில் நூல் நூற்கும் கதிர்களின் சத்தத்தைக் கேட்டே பழகிய காது அது.

நான் பதினெட்டு வயதை எட்டியபோது என்னை ஜோடி ஆட்டத்தில் போடலாம் என்று அவருக்குத் தோன்றியது. உயரம் குறைவு, எடை குறைவு. ஆண் துணைக்கு அவர் கண்டுபிடித்தவர் ஒச்சப்பன்.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம் அவருக்கு. வானம் பார்த்த நிலம், நாலைந்து மாடு. மதுரையில் அக்கா வீட்டில் தங்கி பி.ஏ. படித்து முடித்தவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். கல்லூரிக் கபடி அணியில் ஆடியவர். ஸ்கேட்டிங்குக்கு வந்ததற்கு அவர் சொன்ன காரணத்தை அப்படியே தருகிறேன்: "கபடில மூணாவது வந்து சர்டிபிகேட் வாங்கணும்னா பாதி ஜில்லாவத் தோக்கடிக்கணும். இந்த ஜோடி ஆட்டத்துல ஆளே கெடையாதாம்ல. விழாம நின்னா மூணாவதாம்." விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை என்பதுதான் அவர் குறி. தென்மண்டலப் போட்டியில் முதல் மூன்று இடங்களில் ஒன்று வேண்டும். அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

அவர் சொன்ன அளவுக்கு அது எளிதாக இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் நல்ல ஜோடிகள் இருந்தார்கள். ஆனால் அவர் கபடிக்காரர். முழங்கால் மடங்கும் விதம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றரை வருடத்தில் நான் ஆறு வருடத்தில் கற்றதைக் கற்றுவிட்டார்.

ஜோடி என்றதும் என் அப்பா கிளம்பி வந்தார். எங்கள் தெருவில் எல்லோரும் சௌராஷ்டிரக் குடும்பங்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இருபத்தைந்து வயது வெளி ஆள் ஒருவர் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கப்போகிறார் என்பதை எந்த வீட்டில் எப்படிச் சொல்வது? ஞானராஜ் சார் அப்பாவுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நிர்மலா, இவரை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அண்ணேன்னு சார்."

சார் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒச்சப்பனைப் பார்த்தார். ஒச்சப்பன் தரையைப் பார்த்தார். "அப்பறம் நான் என்னத்தச் சொல்ல?" என்று அப்பா எழுந்துகொண்டார். போகும்போது ஒச்சப்பனிடம், "தம்பி, கீழ போட்றாத. எனக்கு இது ஒண்ணுதான்" என்றார்.

மதுரையில் நடந்த ஜோடி ஆட்டம் எல்லாமே இந்த முறையில்தான் நடந்தது. எங்களுக்கு முன் ஆடிய இரண்டு ஜோடிகளும் கூடப்பிறந்தவர்கள். முறைப்பையன், முறைப்பெண் என்று யாராவது வந்தால் சார் சேர்க்கவே மாட்டார். "ஆட்டம் முடியறதுக்குள்ள கல்யாணம் பேசிருவாங்க" என்பார்.

இனி லிஃப்ட், அதாவது ஜோடியில் ஆண் பெண்ணைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பது. சாரிடம் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த படம் ஒன்று இருந்தது. பம்பாயில் பழைய பத்திரிகைக் கடையில் வாங்கியது. பனிமேல் ஒருவர் ஒரு பெண்ணைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். அவள் கைகளை விரித்து எங்கோ மேலே பார்க்கிறாள். கீழே இருந்த பிரெஞ்சு வரிகளை எங்களில் யாராலும் படிக்க முடியவில்லை. அந்தப் பெண் யார், எந்தப் போட்டி, எந்த வருடம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளைப் பார்த்துத்தான் நாங்கள் அதைக் கற்றோம். சிக்கல் என்னவென்றால், அவள் மேலே இருப்பது மட்டும்தான் படத்தில் இருந்தது. மேலே எப்படிப் போனாள் என்பது இல்லை.

நாங்களாகக் கண்டுபிடித்தது இது. இருவரும் முன்னோக்கிப் போகிறோம். நான் முன்னால், அவர் எனக்குப் பின்னால். அவர் கைகள் என் இடுப்பில். நான் முழங்காலை மடக்கி எம்ப வேண்டும், அதே நொடியில் அவர் தூக்க வேண்டும். எம்புகிற ஆள் பஞ்சு மாதிரி மேலே போவாள். எம்பாத ஆளைத் தூக்குவது சிமெண்ட் மூட்டையைத் தூக்குவது. அவருக்குத் தெரிவதோ என் பின்னந்தலை மட்டும். நான் எம்பப்போகிறேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மற்ற ஊர்களில் பாட்டின் தாளத்தை எண்ணித் தூக்குவார்களாம். எங்களால் அது முடியவில்லை. மாலையில் எங்கள் பகுதியில் மின்சாரம் குறைந்துவிடும். டேப் ரெக்கார்டர் இழுக்கும். ஒரு நாள் பாட்டு ஓடும், ஒரு நாள் நடக்கும். எண்ணிக்கையை நம்பித் தூக்கி இரண்டு தடவை விழுந்த பிறகு, வாயால் ஒரு சொல் சொல்வது என்று முடிவானது. சார் 'அப்' என்று சொல்லச் சொன்னார். சிமெண்ட்டில் பதினாறு சக்கரம் உருளும் சத்தத்தில் 'அப்' காணாமல் போனது. 'ரெடி' என்று பார்த்தோம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் எம்பிவிட்டிருந்தேன்.

பயத்தில் நான் ஒவ்வொரு முறையும் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை ஒச்சப்பன்தான் கவனித்தார். "சார், இந்தப் புள்ள எம்புறதுக்கு முன்னாடி 'அண்ணே'ன்னு ஒரு சத்தம் குடுக்குது. எனக்கு அதுதான் காதுல விழுகுது. அதையே வச்சுக்கிருவோம்" என்றார். வைத்துக்கொண்டோம். நீட்டிச் சொல்லலாம், சக்கர இரைச்சலுக்கு மேல் எழும்பும், கடைசியில் வரும் 'ணே'யில் வாய் திறந்து மூச்சு தானாக உள்ளே போகும். 'அண்' என்றால் மடக்கு, 'ணே' என்றால் எம்பு. நாளடைவில் அவருக்கு அது யோசனை இல்லாத காரியமாகிவிட்டது. காதில் விழுந்தால் கை எழும்பும்.

இப்படி இரண்டு முறை தென்மண்டலப் போட்டிக்குப் போனோம். முதல் ஆண்டு சென்னை, அடுத்த ஆண்டு பெங்களூர். முதல் ஆண்டு ஐந்தாவது, அடுத்த ஆண்டு நாலாவது. லிஃப்ட் இரண்டு முறையும் பிசகவில்லை.

மூன்றாவது ஆண்டு போட்டி மதுரைக்கே வந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. டிசம்பர் மாதம், சனிக்கிழமை. பொங்கலுக்குப் பிறகு என்று சிலர் சொல்கிறார்கள், அது தவறு. அப்பா மலைக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டியோடு கேலரியில் உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொங்கலுக்குள் அவர் மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிவிடுவார்.

ஒச்சப்பனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அந்த வேலைக்கான வயது வரம்பை அடுத்த போட்டி வருவதற்குள் அவர் தாண்டிவிடுவார். அவருடைய அப்பாவும் பொறுத்துப் பார்த்துவிட்டார். போட்டிக்கு முந்தைய வாரம் ரிங்க்குக்கே வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சக்கரத்துலதான் பொழப்புன்னா, மச்சான் லாரி நிக்கிது. தை பொறந்தா கிளீனரா ஏறிக்க. அதுலயும் சக்கரந்தான்." ஒச்சப்பன் சிரித்தார். அவர் அப்பா சிரிக்கவில்லை.

உள்ளூர்ப் போட்டி என்பதால் கூட்டம் வந்திருந்தது. சவுக்குக் கட்டை கட்டிப் பலகை போட்ட கேலரி. எங்கள் தெருவே வந்திருந்தது. உசிலம்பட்டி டவுன் பஸ்ஸில் ஒச்சப்பனின் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் நாங்கள் ஆடியபோது பார்த்தவர்கள் அமைதியாக இருந்தார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். மதுரைக் கூட்டம் அப்படி இல்லை. டீக்காரர் கெட்டிலோடு பலகைகளுக்கு நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கி முதல் பாதி நன்றாகப் போனது. லிஃப்டுக்கான நேர்கோட்டில் திரும்பினோம். அவர் கை என் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. நான் இன்னும் நிமிர்ந்தே இருந்தேன், மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது கேலரியிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

"அண்ணே, கொஞ்சம் குனிண்ணே, மறைக்குது!"

ஒச்சப்பன் தூக்கினார்.

நான் எம்பவில்லை. பாதி உயரம் போய், அவர் தோளில் இடித்து, இருவரும் தரையில் விழுந்தோம். என் முழங்கை சிமெண்ட்டில் உரசித் தோல் போனது. ஒச்சப்பன் எழாமல் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "நீ கூப்புடலையா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகத்தில் லாரி தெரிந்தது.

ஞானராஜ் சார் தளத்தின் ஓரத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு தலைமை நடுவரின் மேசைக்கு நடந்தார். வெளியிலிருந்து இடையூறு வந்து ஆட்டம் கெட்டால், முழு ஆட்டத்தையும் ஒரு முறை திரும்ப ஆடவிட நடுவருக்கு அதிகாரம் உண்டு. விளக்கு அணைவது, பாட்டு நிற்பது, தளத்துக்குள் நாய் வருவது எல்லாம் அதில் அடங்கும். ஒரு சொல் அடங்குமா என்று யாரும் அதுவரை கேட்டதில்லை.

தலைமை நடுவர் கல்கத்தாவிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மையார். பருத்திப் புடவை, கழுத்தில் விசில். பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. நான் அருகில் நின்றேன்.

இடையூறு என்ன என்று அம்மையார் கேட்டார். பார்வையாளர் ஒருவர் ஒரு சொல் சொன்னார் என்றார் சார். என்ன சொல்? 'அண்ணே.' அதற்கு என்ன பொருள்? மூத்த சகோதரன். இவர்கள் சகோதர சகோதரியா? இல்லை. பின் ஏன் அந்தச் சொல்லுக்கு அவன் தூக்கினான்? அதுதான் எங்கள் அடையாளச் சொல். இந்த ஊரில் அந்தச் சொல்லை யாரெல்லாம் பயன்படுத்துவார்கள்? சார் கொஞ்சம் யோசித்து, உண்மையைச் சொன்னார்: எல்லோரும்.

அம்மையார் எங்களை மேலும் கீழுமாகப் பார்த்தார். விழுந்துவிட்டுக் கதை கட்டுகிறோம் என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. எழுந்து வந்து ஒச்சப்பனை மேசைக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்தார். என் இடுப்பில் கை வைத்திருப்பதுபோல் வெறுங்காற்றில் கைகளை வைத்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்து மேசையில் இருந்த இன்னொரு நடுவரான திருநெல்வேலிக்காரரிடம் என்னவோ கிசுகிசுத்தார். பிறகு ஊரில் விளையும் பயிர் என்ன, எத்தனை மாடு என்று ஒச்சப்பனிடம் தானே ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். அவர் திணறிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது திருநெல்வேலிக்காரர் பின்னாலிருந்து, "அண்ணே!" என்றார்.

ஒச்சப்பனின் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டன.

அது மட்டும் நடந்திருந்தால் அம்மையார் நம்பியிருப்பாரோ இல்லையோ. கேலரியின் முன்வரிசையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டீக்காரர் கெட்டிலோடு வந்து, "எத்தன டீண்ணே?" என்று மேசை முன் நின்றார்.

அம்மையார் சிரிக்கவில்லை. திரும்ப ஆடலாம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அந்தச் சொல்லை இனி பயன்படுத்தக் கூடாது. ஆட்டத்தில் அது எங்கள் வாயிலிருந்து வந்தால், ஆட்டம் செல்லாது. எல்லா ஜோடிகளும் முடிந்த பிறகு கடைசியாக ஆட வேண்டும்.

இரண்டு ஜோடிகள் பாக்கி இருந்தன. அவ்வளவுதான் நேரம். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு தளத்தின் பின்பக்கம் நின்றோம். சார் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "புதுசா ஒரு சொல்லைப் பழக நேரம் இல்ல. யோசிக்காம இவர் காது திரும்புற சொல்லு இன்னும் ஒண்ணுதான் இருக்கு. இவரோட பேரு."

வீட்டில் அவரை ஒச்சு என்பார்கள். இரண்டே அசை. 'ஒச்' என்றால் மடக்கு, 'சு' என்றால் எம்பு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. எனக்கு வாய் வரவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. இப்போது கணவனையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நல்லதுதான். அன்று ஏழு வயது மூத்த ஆணைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு எந்த உறவும் இல்லை. தங்கச்சி பெயர் சொல்ல மாட்டாள். மனைவியும் சொல்ல மாட்டாள். அண்ணே என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் என் அப்பா எழுந்து வீட்டுக்குப் போனார். அதை எடுத்துவிட்டு, அவரும் ஒச்சப்பனின் அப்பாவும் இரண்டு ஊர்க்காரர்களும் பார்த்திருக்க, வெறும் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே அவர் கையில் எழும்ப வேண்டும்.

"ஒச்சுன்னு கூப்புடு. நான் ஒண்ணும் தேஞ்சு போயிற மாட்டேன்" என்றார் அவர்.

"எப்புடிண்ணே?" என்றேன்.

"அதையும் அண்ணேன்னே கேக்குது பாருங்க சார்."

சொல்லிப் பார்க்கச் சொன்னார் சார். உதட்டளவில் வந்தது, சத்தம் வரவில்லை. ஒச்சப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டார். கொஞ்சம் தணிந்த குரலில், "நிர்மலா, எனக்காக ஒரு தடவ. அப்பறம் ஆயுசு பூராவும் அண்ணேன்னு கூப்புட்டுக்க" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எங்கள் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தார்கள்.

இரண்டாவது ஆட்டத்தைப் பற்றி எனக்கு நினைவிருப்பவை: கட்டுப் போட்ட முழங்கை விறைத்துக்கொண்டதால் முதல் சுழற்சியில் கை முழுதாக விரியவில்லை. டேப் அன்று அதிசயமாக இழுக்கவில்லை. கேலரியில் எவரும் எவரையும் கூப்பிடவில்லை. என்ன நடந்தது என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. யாரோ டீக்காரரைப் பிடித்து உட்காரவைத்திருந்தார்கள். நேர்கோட்டில் திரும்பினோம். கை வந்து உட்கார்ந்தது. முழங்காலை மடக்கினேன். வாயைத் திறந்தேன்.

மேலே இருந்தேன். கேலரியின் பலகைகளும் அப்பாவின் கறுப்பு வேட்டியும் கீழே சுற்றிப் போயின. அந்தப் பிரெஞ்சுப் பெண் ஏன் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போது புரிந்தது. கீழே பார்த்தால் தலை சுற்றும். நானும் மேலே பார்த்தேன். இறங்கும்போது வலது கால் வெளி விளிம்பில் சுத்தமாக இறங்கியது.

மூன்றாவது இடம். நாலாவது வந்த ஜோடிக்கும் எங்களுக்கும் இடையே மிகச் சிறிய வித்தியாசம்.

அடுத்த ஆவணியில் ஒச்சப்பனுக்கு ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. லாரியில் அவர் தம்பி ஏறினான், பிற்பாடு அதை வாங்கவும் செய்தான். எனக்கு அதற்கடுத்த ஆண்டு திருமணம் ஆனது. ஜோடி ஆட்டம் அதோடு நின்றது. பிறகு காலை நேரங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தேன், போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தேன். சென்ற மே மாதத்தில் முழங்கால் காரணமாக அதிலிருந்தும் ஓய்வு பெற்றேன். ஞானராஜ் சார் இப்போது இல்லை.

இந்தக் கட்டுரைக்காக ஒரு விஷயத்தைச் சரிபார்க்க முயன்றேன். இரண்டாவது ஆட்டத்தில் வாயைத் திறந்தேன் என்று எழுதினேன். என்ன சொன்னேன் என்று எழுதவில்லை. காரணம், எனக்குத் தெரியாது. ஒச்சு என்று சொன்னதாகத்தான் இத்தனை காலம் நினைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை என் குரலில் நான் கேட்ட நினைவு இல்லை.

ஒச்சப்பனின் அப்பா அன்று மாலை என்னிடம் வந்து, "எம் மகனப் பேரச் சொல்லிக் கூப்புட்டியேத்தா, அந்தச் சத்தம் எங்க ஊரு வரைக்கும் கேட்டிருக்கும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது கேலரியின் கடைசிப் பலகை. அவரைவிட மிக அருகே இருந்த என் அப்பா, நான் வழக்கம்போல அண்ணே என்றுதான் கூப்பிட்டேன் என்று கடைசி வரை சாதித்தார். தன் நிம்மதிக்காக அப்படிச் சொன்னாரா, காதில் விழுந்ததைச் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை. தலைமை நடுவர் அம்மையார் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பாட்டைத் தவிர எதுவும் அவர் காதில் விழுந்திருக்காது. சாரிடம் ஒரு முறை கேட்டேன். "இறங்குனது சரியா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

மிச்சம் இருப்பவர் ஒருவர்தான். ஒச்சப்பன் ஓய்வு பெற்று உசிலம்பட்டியில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, மலருக்கு எழுதுகிறேன், உண்மையைச் சொல்லுங்கள் அண்ணே என்றேன்.

"நீ ஒண்ணுமே சொல்லல. வாயத் தெறந்த, சத்தம் வரல. நாந்தான் நீ மடக்குனது கையில தெரிஞ்சதும் தூக்குனேன்" என்றார்.

நிஜமாகவா என்று கேட்டேன். பின்னால் கோழிச் சத்தம் கேட்டது.

"இப்ப எதுக்கும்மா அதக் கெளறிக்கிட்டு? நீ பாட்டுக்கு அண்ணேன்னுதான் கூப்புட்டேன்னு எழுதி வச்சிராத. பென்சன நிப்பாட்டிறப் போறாங்ஙெ" என்றார்.

சிரித்தார். எந்த உண்மைக்காகச் சிரித்தார் என்று தெரியவில்லை. அந்த ஆட்டம் படம் பிடிக்கப்படவில்லை, ஒலிப்பதிவும் இல்லை. அன்று கேலரியில் இருந்த வேறு யாராவது இதைப் படித்தால் எனக்குத் தெரிவிக்கலாம். அதுவரை, மதுரையின் கடைசி ஜோடிக்கு மூன்றாவது இடத்தையும் ஓர் ஆளுக்கு வேலையையும் வாங்கித்தந்த சொல் எது, அப்படி ஒரு சொல் இருந்ததா என்பது உறுதி செய்யப்படவில்லை.